வெள்ளிக்கு இரண்டு விலை – 9: 33,000 நாணயங்களும் பத்து சதவீதமும்

போன வாரம் அமெரிக்காவின் சில்வர் ஈகிள் நாணயத்தைப் பார்த்தோம். மக்கள் கேட்கிற அளவுக்கு அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிற நாணயம் அது. அதனால் சாதாரண நாட்களில் அதன் விலை வெள்ளியின் விலையை விட்டு வெகுதூரம் போவதில்லை. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அதே நாணயச்சாலையிலிருந்து வந்த இன்னொரு நாணயம். அதைக் கேட்டவர்கள் ஏராளம், அச்சானதோ வகைக்கு 33,000 மட்டுமே. அதற்கு எவ்வளவு வாங்குவது நியாயம் என்று 2010 டிசம்பரில் ஒரு சண்டையே நடந்தது. டீலர்கள் வைக்கும் பிரீமியத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் சம்பவம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பிரீமியம் என்ற சொல் இந்தத் தொடரில் பலமுறை வந்துவிட்டது. புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நகைக்கடை பில்லில் செய்கூலி, சேதாரம் என்று தனியாகப் போடுவார்கள். நகையைத் திருப்பி விற்கும்போது அந்த இரண்டும் கைக்கு வராது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளி நாணயத்தில் உலோக மதிப்புக்கு மேலே கொடுக்கிற தொகைதான் பிரீமியம். அது பில்லில் தனியாகத் தெரியாது, மொத்த விலைக்குள் ஒளிந்திருக்கும். விற்கப் போகும்போது அதில் கொஞ்சம் திரும்பி வரலாம், முழுதும் வரலாம், சில நாணயங்களில் இரண்டு மடங்காகவும் வரலாம். ஒன்றுமே வராமலும் போகலாம். எண்ணிக்கை குறைவான நாணயங்களின் வியாபாரம் முழுக்க இந்த ‘வரலாம்’ என்பதன் மேல்தான் நிற்கிறது.

2008 டிசம்பரில், ஜார்ஜ் புஷ் அதிபர் பதவியிலிருந்து இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்கள், தலைநகர வட்டாரம், ஐந்து ஆட்சிப்பகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தேசியப் பூங்காவையோ பாதுகாக்கப்பட்ட இடத்தையோ கால் டாலர் நாணயத்தில் பொறிக்க வேண்டும் என்றது அது. ஆண்டுக்கு ஐந்து வீதம் மொத்தம் 56 நாணயங்கள். ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ என்று அந்த வரிசைக்குப் பெயர். சட்டத்தின் பின்பகுதியில் ஒரு விசேஷம் இருந்தது. அதே கால் டாலர்களின் நகலாக, 5 டிராய் அவுன்ஸ் எடையில், 999 சுத்த வெள்ளியில், 3 அங்குல விட்டத்தில் புல்லியன் நாணயமும் (உலோகத்துக்காக வாங்கப்படும் நாணயம்) அச்சடிக்க வேண்டும். 5 டிராய் அவுன்ஸ் என்றால் 155 கிராமுக்குச் சற்று மேல். உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும் அந்த வட்டத் தட்டின் மேல் ‘கால் டாலர்’ என்றே எழுதியிருக்கும். சட்டப்படி அதன் முகமதிப்பு 25 சென்ட்தான்.

எடை, சுத்தம், விட்டம் மூன்றையும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதில்தான் சிக்கல். 5 அவுன்ஸ் வெள்ளியை 3 அங்குல அகலத்துக்குப் பரப்பினால் நாணயம் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். அவ்வளவு அகலமான, மெல்லிய வில்லையில் ஓரம்வரை உருவம் தெளிவாக விழும்படி அச்சடிப்பது லேசான காரியமில்லை. அமெரிக்க நாணயச்சாலை அதுவரை அத்தனை பெரிய நாணயத்தை அச்சடித்ததே இல்லை. ஃபிலடெல்பியா நாணயச்சாலைக்கு ஜெர்மனியின் கிரேபனர் நிறுவனத்தின் ராட்சத அச்சு எந்திரம் ஒன்றை வரவழைத்தார்கள். வகைக்கு ஒரு லட்சம் என்று போட்ட கணக்கு, எந்திரம் ஓடத் தொடங்கியதும் 33,000 ஆகச் சுருங்கியது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. எந்த ஆண்டில் கால் டாலர் வெளியாகிறதோ அந்த ஆண்டுக்குள்தான் அதன் 5 அவுன்ஸ் புல்லியன் நாணயத்தை நாணயச்சாலை விற்கலாம் என்று சட்டம் சொன்னது. ஹாட் ஸ்பிரிங்ஸ், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், மவுண்ட் ஹுட் ஆகிய ஐந்து கால் டாலர்களும் 2010-இல் வந்தாகிவிட்டன. வெள்ளி நாணயங்கள் விற்பனைக்குத் தயாரானபோது டிசம்பர் பிறந்துவிட்டது. கையில் இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசம். சேகரிப்பவர்களோ ஆண்டு முழுக்கக் காத்திருந்தவர்கள்.

அமெரிக்க நாணயச்சாலை புல்லியன் நாணயங்களைப் பொதுமக்களுக்கு நேராக விற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மொத்த வாங்குநர்கள் சிலர் இருக்கிறார்கள். லண்டன் வெள்ளி விலையோடு ஒரு நிலையான கட்டணத்தைச் சேர்த்து அவர்களுக்குக் கொடுக்கிறது. ஈகிளுக்கு அந்தக் கட்டணம் 2010 அக்டோபரில்தான் ஒன்றரை டாலரிலிருந்து 2 டாலராக உயர்ந்திருந்தது. ஈகிளை அவர்கள் ஒரு தடவைக்கு 25,000-க்குக் குறையாமல் வாங்க வேண்டும். பிறகு அவர்களிடமிருந்து சில்லறை டீலர்கள், அவர்களிடமிருந்து நாம். மக்கள் விற்க வந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளும் சந்தையையும் இந்த மொத்த வாங்குநர்கள் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிய ஏற்பாடு இது. மொத்த வாங்குநருக்குக் கொடுத்த விலைக்கு மேல் யார் எவ்வளவு வைத்து விற்கிறார்கள் என்பதில் நாணயச்சாலை தலையிட்டதில்லை. தலையிடத் தேவையும் இருக்கவில்லை. ஈகிள்கள் கோடிக்கணக்கில் வந்துகொண்டிருந்தபோது ஒரு கடைக்காரர் அதிகம் கேட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.

5 அவுன்ஸ் நாணயத்துக்கு அடுத்த கடை இல்லை. மொத்த வாங்குநர்கள் 11 பேர், ஆளுக்கு 3,000 செட். நாணயச்சாலை அவர்களுக்கு வைத்த விலை, வெள்ளி விலையோடு நாணயத்துக்கு 9.75 டாலர். அந்த வாரம் வெள்ளி அவுன்ஸ் 30 டாலரை ஒட்டி நின்றது. ஒரு நாணயத்தில் உலோகம் மட்டும் 150 டாலர். மொத்த வாங்குநருக்கு அடக்கவிலை ஏறக்குறைய 160 டாலர், ஐந்து நாணயம் கொண்ட ஒரு செட்டுக்கு 800 டாலர். டிசம்பர் 6 முதல் ஆர்டர் எடுப்பதாக அறிவிப்பு. அதற்குள்ளாகவே முன்பதிவு விலைகள் சந்தையில் வெளிவரத் தொடங்கின. அந்த விலைகளுக்கும் அடக்கவிலைக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பார்த்து சேகரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். நாணயச்சாலைக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் புகார்கள் பறந்தன.

அவர்களுடைய கோபத்தை நான் முழுக்க நியாயம் என்றுதான் நினைக்கிறேன். டீலர் லாபம் சம்பாதிப்பது தப்பில்லை. ஒரு நாணயத்தைத் தேடிப்பிடித்து, முதல் போட்டு, விலை இறங்கும் அபாயத்தைத் தாங்கி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து விற்கிறவர் கேட்கிற விலையில் உழைப்பு இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. பற்றாக்குறையை உண்டாக்கியது அரசின் எந்திரம். அதற்கு அவசரத்தைச் சேர்த்தது அரசின் சட்டம். மொத்த வாங்குநர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அரசு கொடுத்த வரிசையில் நிற்பது ஒன்றுதான். அந்த வரிசையில் நிற்கும் உரிமையும் அரசு கொடுத்ததே. பொதுச் சொத்திலிருந்து பிறந்த லாபம் பதினொரு பேருக்குப் போவானேன் என்று கேட்டவர்களுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

நாணயச்சாலை விற்பனையை நிறுத்திவைத்தது. சில நாட்கள் கழித்து, டிசம்பர் 10-ஆம் தேதி, புதிய நிபந்தனைகளோடு மறுபடி தொடங்கியது. அடக்கவிலைக்கு மேல் பத்து சதவீதத்துக்கு மிகாமல்தான் விற்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வகையில் ஒரு நாணயம் மட்டுமே. எல்லாவற்றையும் பொதுமக்களுக்கே விற்க வேண்டும். புல்லியன் நாணய விற்பனையில் அமெரிக்க அரசு சில்லறை விலைக்கு உச்சவரம்பு போட்டதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 டாலர் அடக்கவிலைக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 176 டாலர் வரும். 150 டாலர் உலோகத்துக்கு மேலே 26 டாலர், அதாவது சுமார் 17 சதவீதம். நாணயச்சாலையின் கட்டணம், டீலரின் பங்கு இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. 33,000 மட்டுமே இருக்கிற ஒரு நாணயத்துக்கு இது மலிவு. கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

இந்த முடிவால் அடிபட்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அன்றைக்கு அதிகம் பேர் பேசவில்லை. ஊருக்கு ஊர் சின்னதாக நாணயக்கடை வைத்து, முப்பது நாற்பது வருடமாக அதே வாடிக்கையாளர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கும் டீலர்கள் அவர்கள். எல்லாம் மொத்த வாங்குநரிடமிருந்து நேராகப் பொதுமக்களுக்குப் போக வேண்டும் என்றதும், நடுவிலிருந்த அந்தச் சின்னக் கடைக்காரருக்கு ஒரு செட்கூட வரவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து ஆர்டர் போடத் தெரியாத அவருடைய வயதான வாடிக்கையாளருக்கும் வரவில்லை. மொத்த வாங்குநர்களில் சிலர் அதுவரை பொதுமக்களுக்கு ஒரு நாணயம்கூட நேரடியாக விற்றுப் பழகாதவர்கள். உச்சவரம்பு சரி, அதைச் செயல்படுத்திய விதம் அவசரகதி என்பது என் கருத்து.

அடுத்து நடந்ததுதான் யோசிக்க வேண்டியது. 176 டாலருக்கு வாங்கிய நாணயங்களில் ஒரு பகுதி உடனே ஏலச் சந்தைக்கு வந்தது. வாங்கிய விலையைவிடக் கணிசமாக அதிகத்துக்குக் கைமாறியது. டீலருக்குப் போயிருக்க வேண்டிய லாபம், ஆர்டர் கிடைத்த குடும்பத்துக்குப் போனது. கடைசியில் நாணயத்தை ஆசையோடு வைத்துக்கொள்ள விரும்பிய சேகரிப்பாளர், முதல் வரிசையில் இடம் கிடைக்காதவர் என்றால், அதே உயர்ந்த விலையைத்தான் கொடுத்தார். முதல் கையின் விலையை அரசால் கட்டிவைக்க முடிந்தது. இரண்டாவது கையின் விலை சந்தையின் கையில்தான் இருந்தது. இருந்தாலும், அந்த லாபம் 11 நிறுவனங்களிடம் சேர்வதைவிட ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பரவியதே மேல் என்பேன்.

2011 வந்தது. அச்சடிப்பதில் இருந்த சிக்கல்கள் தீர்ந்தன. விட்டத்தை இரண்டரையிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 2010 டிசம்பரிலேயே சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஆனாலும் நாணயச்சாலை 3 அங்குலத்தையே தொடர்ந்தது. அந்த ஆண்டின் முதல் இரண்டு நாணயங்களான கெட்டிஸ்பர்க், கிளேசியர் இரண்டும் தலா 1,26,700 அச்சாயின. பத்து சதவீத வரம்பும் குடும்பத்துக்கு ஒன்று என்ற கட்டுப்பாடும் போய்விட்டன. நாணயம் தாராளமாகக் கிடைத்ததும் பரபரப்பு அடங்கியது. 2010-இன் 33,000 மட்டும் அப்படியே நின்றது. வரிசையிலேயே அரிதான ஐந்து என்று டீலர்களின் விளம்பரங்களில் அதற்குத் தனி மரியாதை.

அந்த மரியாதை எத்தனை நாள் நிலைத்தது? இரண்டே ஆண்டுகள். 2012-இல் வாங்க ஆள் குறைந்தது. வெள்ளி விலை 2011 ஏப்ரலில் தொட்ட உச்சத்திலிருந்து விழுந்திருந்தது, 5 அவுன்ஸ் என்ற புதுமையும் பழகிப்போனது. ஹவாய் எரிமலைப் பூங்கா, டெனாலி இரண்டும் தலா 20,000-தான் அச்சாயின. அந்த ஆண்டின் மற்ற மூன்றும்கூட 33,000-ஐ எட்டவில்லை. 2010-இல் எல்லோரும் முட்டிமோதி வாங்கிய எண்ணிக்கையைவிடக் குறைவான நாணயங்கள், முட்டிமோத ஆளில்லாமல், சாதாரணமாக விற்பனைக்கு வந்தன. ஹவாய் நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் பின்னால் வலைவீசித் தேடினார்கள். வெளியானபோது அதை வாங்காமல் விட்டவர்கள்தான், 56-ஐயும் முழுமையாக்க அலைந்தவர்களில் பலரும்.

எண்ணிக்கை குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இவ்வளவுதான் என்று முதலிலேயே அறிவிப்பது, அல்லது எந்திரக் கோளாறால் அப்படி ஆகிவிடுவது. அப்போது எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். எல்லோரும் ஓடிவந்து வாங்கி, உறையில் போட்டு, பத்திரமாகப் பூட்டிவைப்பார்கள். அந்த 33,000-மும் இருபது ஆண்டு கழித்தும் புத்தம் புதிதாக எங்கோ இருக்கும். விலை ஏறும் என்று வைத்திருப்பவர்கள் ஏறியதும் வெளியே எடுப்பார்கள். இரண்டாவது, யாரும் கண்டுகொள்ளாததால் குறைந்துபோவது. அதன் அருமை வெளியானபோது தெரியாது. பிறகு வரிசையை நிரப்ப நினைப்பவர்கள் வரும்போதுதான் தெரியும். சில்வர் ஈகிளிலும் இதுதான் நடந்தது. 1996-இல் அச்சான 36,03,386 நாணயங்கள்தான் அந்த வரிசையின் சாதாரண புல்லியன் நாணயங்களிலேயே மிகக் குறைவு. 1996-இல் அதற்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை. வெள்ளி அவுன்ஸ் 5 டாலரை ஒட்டிக் கிடந்த காலம், வாங்குவாரே குறைவு. இன்றைக்கு மற்ற ஆண்டு ஈகிள்களைவிட 1996-க்குக் கணிசமான கூடுதல் விலை உண்டு. 36 லட்சம் என்பது சிறிய எண்ணே இல்லை. ஆனால் ஆண்டுக்கொன்று வீதம் ஈகிளைச் சேர்க்கிற கூட்டம் பெரிது, அவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு ஆண்டு வேண்டும்.

எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு எண் எப்போதும் இருக்க வேண்டும். அந்த நாணயத்தைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர்? விளம்பரத்தில் முதல் எண்ணைத்தான் போடுவார்கள். இரண்டாவதை யாரும் போடுவதில்லை.

பெர்த் நாணயச்சாலையின் லூனார் வரிசையைப் பாருங்கள். ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயத்துக்கு அதிகபட்சம் மூன்று லட்சம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். சீன ராசி விலங்குகள் பன்னிரண்டு என்பதால் பன்னிரண்டு ஆண்டில் ஒரு சுற்று முடியும். சுற்றை முடிக்க நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் சீனாவிலும் இருக்கிறார்கள். டிராகன் ஆண்டு வந்தால் இன்னும் அதிகம். அங்கே எண்ணிக்கைக்கும் தேடுபவர்களுக்கும் ஓரளவு பொருத்தம் இருப்பதால் பிரீமியம் தாங்குகிறது. கனடா 2011-இல் தொடங்கிய வனவிலங்கு வரிசைக்கு வகைக்குப் பத்து லட்சம் என்ற வரம்பு வைத்தது. அது வரம்பா என்று கேட்கலாம். ஆறே நாணயங்களில் முடிகிற அழகான வரிசை என்பதால் முதலில் வந்த ஓநாய்க்கு நல்ல ஆதரவு கிடைத்தது. ஆறில் நிறுத்தியது புத்திசாலித்தனம். சேர்க்கிறவருக்கு முடிவு கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆர்வம் குறையாது. 56-ஐ முடிக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்த அமெரிக்க வரிசையில் பலர் நடுவழியிலேயே இறங்கிவிட்டதில் ஆச்சரியமில்லை.

சரி, ஒரு டீலர் விலை சொல்கிறார். அதை எப்படி எடைபோடுவது? டாலரில் பார்க்காதீர்கள், சதவீதத்தில் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். அது நல்ல தொடக்கம், போதாது. அதே நாணயத்தை அதே டீலரிடம் இன்றைக்கே விற்கப்போனால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். பெரிய டீலர்கள் திரும்ப வாங்கும் விலையை வெளிப்படையாகவே அறிவிக்கிறார்கள். வெள்ளி 30 டாலர் விற்கும்போது ஒரு சாதாரண நாணயத்தை 34-க்கு விற்று 31-க்குத் திரும்ப வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி 33 ஆனால் உங்கள் முதல் திரும்பிவிடும், பத்து சதவீத ஏற்றம் போதும். எண்ணிக்கை குறைவான இன்னொரு நாணயத்தை 60-க்கு விற்கிறார், திரும்ப வாங்குவது 33-க்கு. இங்கே உலோகத்தை மட்டும் நம்பினால் வெள்ளி 57-ஐத் தொட வேண்டும், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அல்லது அந்த நாணயத்தை ஆசைப்பட்டு வாங்கும் இன்னொரு சேகரிப்பாளரை நீங்களே தேடிப்பிடிக்க வேண்டும். விற்கிறபோது ‘இது அரியது’ என்று சொல்கிற டீலர், வாங்குகிறபோதும் அரியதற்குரிய விலையைக் கொடுக்கிறாரா என்பதுதான் அவருடைய பேச்சின் உண்மையைச் சோதிக்கும் இடம். இரண்டு பக்கமும் ஒரே நாக்கோடு பேசுகிற டீலர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் நான்கு டாலர் கூடக் கொடுத்தாலும் அவரிடமே வாங்குங்கள்.

வெள்ளி விலை ஆடும்போது இந்தக் கணக்கும் சேர்ந்து ஆடும். அமெரிக்க நாணயச்சாலை அந்த 2010-இன் 5 அவுன்ஸ் நாணயங்களுக்கே ‘பி’ என்ற நாணயச்சாலைக் குறியோடு, மேற்பரப்பை மங்கலாக்கி, 27,000 என்ற வரம்போடு சேகரிப்பாளர் பதிப்பு ஒன்றையும் வெளியிட்டது. அதை இடைத்தரகர் இல்லாமல் தானே விற்றது. ஹாட் ஸ்பிரிங்ஸ் 2011 ஏப்ரல் 28-ஆம் தேதி 279.95 டாலருக்கு வந்தது. அன்றைக்கு வெள்ளி 48 டாலரை ஒட்டி இருந்தது. உள்ளே இருந்த உலோகமே 240 டாலர் பெறும். 27,000 மட்டுமே அச்சாகிற நாணயத்துக்கு 40 டாலர் பிரீமியம் என்றால் யார்தான் விடுவார்கள்! அடுத்த ஒரு வாரத்தில் சிகாகோ சந்தை, வெள்ளி வணிகர்கள் முன்பணமாகக் கட்ட வேண்டிய மார்ஜின் தொகையை அடுத்தடுத்து உயர்த்த, வெள்ளி சுமார் 35 டாலருக்குச் சரிந்தது. 240 டாலர் உலோகம் 175 ஆனது. வாங்கியவர் பார்வையில் அவர் கொடுத்த பிரீமியம் 40 டாலரிலிருந்து நூறு டாலரைத் தாண்டிவிட்டது. நாணயமும் விலையும் அதேதான், ஒரு வாரம்தான் இடைவெளி. 2015 டிசம்பரில் வெள்ளி 14 டாலருக்கும் கீழே போனபோது அந்தத் தட்டில் இருந்த உலோகம் 70 டாலர்கூடப் பெறவில்லை. அந்த நாட்களில் உலோகத்தை நம்பி வாங்கியவர்களைவிட, வரிசையை நேசித்து வாங்கியவர்கள்தான் கலங்காமல் இருந்தார்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஆட்டம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பீதியில் வெள்ளியின் சந்தை விலை 12 டாலருக்குக் கீழே இறங்கியது. அந்த விலைக்கு ஈகிள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் வாங்க வந்தார்கள். ஏப்ரலில் ஈகிள் அச்சாகும் வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையைச் சில நாட்கள் மூடவும் வேண்டியிருந்தது. வரம்பே இல்லாத, கோடிக்கணக்கில் அச்சாகிற சாதாரண ஈகிளின் பிரீமியம் உலோக விலையில் பாதியை எட்டியது. தட்டுப்பாடு நீங்கியதும் அந்தப் பிரீமியமும் கரைந்தது. அவசரத்தில் கொடுக்கிற பிரீமியத்துக்கு ஆயுள் குறைவு என்பதற்கு அந்த வசந்தகாலம் சாட்சி.

நாணயத்தின் தரத்துக்கு எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அடைத்துத் தரும் மதிப்பீட்டு நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வெளியான முதல் முப்பது நாட்களுக்குள் அனுப்பினால் ‘ஆரம்ப வெளியீடு’ என்று ஒரு லேபிள் ஒட்டித் தருகிறார்கள். நாணயம் அதே நாணயம்தான். ஆரம்பத்தில் அனுப்பப்பட்டது என்பது ஆரம்பத்தில் அச்சானது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த லேபிளுக்காக மட்டும் ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ஆனால் 69, 70 என்ற மதிப்பெண் வேறு விஷயம். அகலமான மேற்பரப்பில் கீறலில்லாமல் தப்பிய 5 அவுன்ஸ் நாணயம் உண்மையிலேயே குறைவு.

மேற்பரப்பு என்றதும் பால் புள்ளியைச் சொல்லாமல் விட மனமில்லை. தூய வெள்ளி நாணயங்களில், உறையை விட்டு எடுக்காமலே, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வெள்ளைத் திட்டுகள் படரும். கனடாவின் மேப்பிள் லீஃப் நாணயம் இதற்குப் பேர்போனது. 2018-இல் அதைத் தடுக்க ‘மிண்ட்ஷீல்டு’ என்ற தொழில்நுட்பத்தைக் கனடா நாணயச்சாலை கொண்டுவந்தது. புள்ளி விழுந்த நாணயத்தின் உலோக மதிப்புக்குக் குறைவில்லை, பிரீமியம்தான் போய்விடும். மதிப்பெண் 70 பெற்றுப் பெட்டிக்குள் போன நாணயத்திலும் பின்னால் புள்ளி வருவதுண்டு. இருநூறு சதவீதப் பிரீமியம் கொடுத்து வாங்கியவரின் கணக்கை ஒரு சுண்ணாம்புத் திட்டு மாற்றிவிடும் என்றால், அந்தப் பிரீமியம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்வதால் எண்ணிக்கை குறைந்த நாணயங்களை வாங்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறை மூன்றங்குல வெள்ளியில் எழுந்து நிற்பதைக் கையில் ஏந்திப் பார்ப்பது ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பதில் தவறே இல்லை. அதைச் சேமிப்பு என்று எழுதிவைப்பதில்தான் தவறு. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற ஒவ்வொரு நாணயத்துக்கும் வாங்கிய நாளின் உலோக மதிப்பை ஒரு பக்கமும் பிரீமியத்தை மறுபக்கமும் எழுதுங்கள். உலோகப் பக்கம் உங்கள் சேமிப்பு. பிரீமியப் பக்கம் உங்கள் ரசனைக்காக நீங்கள் செலவழித்தது. பின்னால் அது லாபமாக வந்தால் சந்தோஷம், வராவிட்டால் ஏமாற்றம் இல்லை. வருடக் கடைசியில் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்க்கும்போது உங்களுக்கு நெஞ்சு பதறாமல் இருந்தால் சரியான அளவில்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

எண்ணிக்கைக்காகவே பிரீமியம் கொடுப்பதானால், அறிவித்துக் குறைக்கப்பட்டதற்குக் கொடுக்காதீர்கள், தானாகக் குறைந்துபோனதற்குக் கொடுங்கள். வெளியாகி ஐந்தாறு ஆண்டுகள் ஆகட்டும். இறுதி எண்ணிக்கை வெளிவரட்டும். வரிசையைச் சேர்க்கிறவர்கள் எந்த நாணயத்துக்காக அலைகிறார்கள் என்று தெரியட்டும். அப்போது கொடுக்கிற விலை கூடுதலாக இருந்தாலும் அது தெரிந்து கொடுத்த விலை. வெளியான முதல் நாளில், 33,000 என்ற ஒற்றை எண்ணை மட்டும் காட்டி, இன்றே வாங்காவிட்டால் போய்விடும் என்று யாராவது சொன்னால், திரும்ப வாங்கும் விலையைக் கேளுங்கள். அதைச் சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள்.

(தொடரும்)